ஒரே வாளியில் மூன்று மட்டைகள்

நடந்தது இந்த வரிசையில்:

1. பூஜை விடுமுறைக்கு முந்தைய வாரம், எங்கள் பள்ளியின் பாட்மிண்டன் மட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தோம். எட்டில் ஆறு எதற்கும் உதவாது.

2. அப்படியானால் மைதானத்தில் தையல் கூடம் கட்டிவிடலாம் என்றார் தலைமையாசிரியை.

3. நான் ஒரு பருவம் அவகாசம் கேட்டேன். ஒரு நிபந்தனையோடு கொடுத்தார்.

4. கடையில் கிடைத்த மூன்று வகை மட்டைகளில் வகைக்கு ஒன்றாகச் சோதித்துப் பார்ப்பதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

5. என் அம்மா அவற்றைச் சரஸ்வதி பூஜையில் வைத்தாள்.

6. அன்று சாயங்காலமே மூன்றையும் வாளியில் முக்கி எடுத்துக் கழுவினாள்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பௌதிகத்தில் பட்டம் பெற்று, கல்கத்தாவில், பவானிபூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பரிசோதனைச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தராசுகளைத் துடைப்பது, அமிலக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டுவது, மேல் வகுப்புப் பெண்களுக்கு ஊசலையும் வெப்பமானியையும் காட்டுவது என் வேலை. மாலையில் பெண்களை விளையாட விடும் பொறுப்பும் என்னிடம் வந்து சேர்ந்தது. வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.

மைதானம் என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, அது பள்ளிக்குப் பின்னால் இருந்த ஒரு முற்றம். ஒரு வலை கட்டலாம். சுற்றிலும் சுவர் உயரமாக இருந்ததால் தெருவிலிருந்து பார்க்க முடியாது. பதினான்கு வயதுக்கு மேற்பட்ட பெண் ஒருத்தி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடுவதற்கு அந்த வட்டாரத்தில் இருந்த ஒரே இடம் அதுதான். மெட்ரிகுலேஷன் வகுப்பில் ஒரு நெட்டைப் பெண் இருந்தாள். ஆட்டத்தில் அவளுக்கு இணை கிடையாது. அந்தப் பருவம் முடிந்ததும் பரீட்சை, அதற்குப் பிறகு வீடு. அவள் வீட்டில் நான்கு அடி சேர்ந்தாற்போல் ஓட இடம் இல்லை என்று அவளே ஒருமுறை அடியால் அளந்து சொல்லியிருந்தாள்.

தலைமையாசிரியையை எல்லோரும் 'பொர்தி' என்போம். வங்காளியில் பெரிய அக்கா என்று அர்த்தம். பெண்களுக்கு நான் வெறும் 'தீதி', அக்கா. பள்ளியில் பேசியது எல்லாம் வங்காளியில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"எட்டு மட்டை இருந்துச்சு. இப்ப ரெண்டு இருக்கு. பொண்ணுங்க விளையாடறாங்களா, விறகு பிளக்கறாங்களா?" என்றார் பொர்தி.

"ஏன் உடைஞ்சதுன்னு தெரிஞ்சா சரிபண்ணிடலாம், பொர்தி."

"உடைஞ்சது உடைஞ்சதுதானே? தையல் ஊசி இப்படி உடையறதில்லே."

"ஊசியும் உடையும்."

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஆறு புது மட்டை தர்றேன், பழைய ரெண்டும் கணக்குல சேராது. நம்ம சரஸ்வதி பூஜை வரைக்கும் உனக்கு நேரம். அன்னிக்கு அதுல நாலாச்சும் உருப்படியா இருக்கணும். நாலு இருந்தா ஒரு ஆட்டம் நடக்கும். மூணு இருந்தா தையல் கூடம்."

'நம்ம' சரஸ்வதி பூஜை என்றால் அவர்களுடையது. எங்கள் வீட்டில் அந்தப் பூஜை நவராத்திரியின் ஒன்பதாம் நாள். வங்காளிகளுக்கு மாக மாதத்தில், குளிர் விடைபெறும் சமயத்தில். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய நான்கு மாதம். கல்கத்தாவில் பாட்மிண்டன் ஆடும் காலமும் அதுவேதான். ஆகவே எங்கள் சரஸ்வதியிடம் தொடங்கி அவர்கள் சரஸ்வதியிடம் முடிக்க வேண்டும் என்று என் நோட்டுப் புத்தகத்தில் முதல் வரியாக எழுதிக்கொண்டேன்.

அப்பாவுக்கு கார்டன் ரீச்சில் ரயில் ஆபீஸ் வேலை. விடுமுறையின் முதல் நாள் என்னோடு தர்மதலா கடைத்தெருவுக்கு வந்தார். மூன்று மட்டைகளோடு திரும்பினோம்.

முதலாவது சீமை மட்டை. ஆஷ் மரத்தின் நீண்ட பட்டை ஒன்றை நீராவியில் காட்டி வளைத்திருந்தார்கள். பிடியில் மெல்லிய தோல். நரம்பு என்பது முறுக்கிய ஆட்டுக் குடல். விரலால் சுண்டினால் டிங்கென்று ஒரு சுருதி எழுந்து, நாம் கையை எடுத்த பிறகும் நிற்கும். இறகுப்பந்தை அதில் வாங்கினால், பட்டது என்று மணிக்கட்டுக்குத் தெரிவதற்குள் பந்து போய்விட்டிருக்கும்.

இரண்டாவது பஞ்சாபிலிருந்து, சியால்கோட்டிலிருந்து வந்தது. முசுக்கொட்டை மரம். நரம்பு அதிலும் குடல்தான், சற்றுத் தடிமன். தலைப்பக்கம் கனம் என்பதால் ஓங்குவதற்கு ஒரு கணம் கூடுதலாக ஆகும். ஓங்கிவிட்டால் அது தானாகவே போய் அடிக்கும்.

மூன்றாவது உள்ளூர் மட்டை. என்ன மரம் என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. சிவப்புச் சாயத்துக்குள் அது ஒளிந்திருந்தது. எண்ணெய் பாய்ச்சி முறுக்கிய பட்டு நூலை நரம்புக்குப் பதிலாகக் கட்டியிருந்தார்கள். சுண்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை.

நான்கு அளவைகள் எடுப்பதாகத் திட்டம். எடை. கத்தி முனையில் படுக்கவைத்துச் சமநிலை நிற்கும் இடம். ஸ்பிரிங் தராசின் கொக்கியை நடு நரம்பில் மாட்டி, கால் அங்குலம் இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது. ஒரு முழ உயரத்திலிருந்து தக்கையைப் போட்டால் எவ்வளவு எழும்புகிறது என்பது. முதல் நாளே எல்லாம் எடுத்து முடித்தேன். மறுநாள் சரஸ்வதி பூஜை.

அம்மா விடியற்காலையில் கொலுவுக்கு முன்னால் மணை போட்டு, பட்டுத் துணி விரித்து, அப்பாவின் பேனா, என் பௌதிகப் புத்தகங்கள், அவளுடைய சுருதிப்பெட்டி எல்லாவற்றையும் அடுக்கினாள். பிறகு என் மேஜைக்கு வந்து மூன்று மட்டைகளையும் எடுத்துக்கொண்டு போனாள்.

"அதெல்லாம் எதுக்கும்மா?"

"உன் உத்யோகத்துக்கான சாமான்தானே? ஆயுதம்னா அதுவும் ஆயுதம்தான்."

ஒவ்வொன்றின் கட்டையிலும் சந்தனமிட்டுக் குங்குமம் வைத்தாள். நரம்பு எதனால் ஆனது என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறந்துபோனேன் என்று எழுதலாம், ஆனால் உண்மை அதுவல்ல. என் மட்டைகள் வீணைக்காரியின் முன்னால் குங்குமத்தோடு சாய்ந்திருந்த காட்சி எனக்குப் பிடித்திருந்தது. ஒரு நாள் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

மாலையில் அப்பாவும் நானும் அவருடைய ஆபீஸ் நண்பர் வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தோம். அந்த நேரத்தில் கீழ்வீட்டு மாஷிமா எங்கள் வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வாங்க வந்திருக்கிறாள். அம்மாவைவிடப் பத்து வயது மூத்த வங்காளிப் பெண்மணி, வீட்டின் சொந்தக்காரி; மாஷிமா என்றால் பெரியம்மா மாதிரி. வந்தவள் மட்டைகளைப் பார்த்து, கையைத் தட்டி, மனதாரப் புகழ்ந்திருக்கிறாள். தன் மருமகனிடமும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது, நல்ல ஆட்டுக் குடல் போட்டது, அதற்கு ஈடே கிடையாது என்று.

நாங்கள் திரும்பி வந்தபோது மூன்று மட்டைகளும் துணிக்கொடியில் தலைகீழாகத் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தன. மாடியெங்கும் மஞ்சள் நீர்.

"என்னம்மா இது?"

"அலம்பினேன்."

"ஏம்மா?"

"ஏனாம்! குடலைக் கொண்டுவந்து சரஸ்வதி காலடியில வெச்சுட்டு ஏன்னு கேக்கறா பாரு. பூஜையில வெச்சதை மறுநாள் வரைக்கும் எடுக்கப்படாது. இதை வெச்சிருக்கவும் படாது. நான் என்னதான் பண்ணுவேன்? கன்னத்துல போட்டுண்டு, குச்சியால தள்ளித் தள்ளி வெளியில கொண்டுவந்தேன். நாலு ஜலம் விட்டாச்சு. அதுல மஞ்சள் ஜலம் ரெண்டு."

அப்பா சீமை மட்டையைத் தூக்கிப் பார்த்தார். "பிடியில தோல் இருக்கே, அது என்ன பிராணியோ."

"நீங்கோ வாயைத் திறக்கப்படாது."

"நான் ஒண்ணும் சொல்லலை. மரத்தை ஒட்டற பசைகூட..."

"அப்பா!" என்றேன்.

அன்று இரவும் மறுநாள் பகலும் நான் அம்மாவோடு பேசவில்லை. கோபம் பாதி அவள்மேல், பாதி என்மேல். மறுநாள் மாலை கொடிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. மூன்று மட்டைகள், ஒரே வாளி, ஒரே தண்ணீர், ஒரே நேரம், ஒரே கை. பரிசோதனைச் சாலையில் நானே செய்திருந்தாலும் இவ்வளவு சீராகச் செய்திருக்க மாட்டேன். நல்ல மட்டையைத் தண்ணீரில் முக்கிப் பார்க்கும் துணிச்சலும் எனக்கு வந்திருக்காது. உள்ளே போய் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தேன்.

மூன்று நாள் நிழலில் காயவிட்டு மறுபடி அளந்தேன். சீமை மட்டையின் நரம்புகள் ஊறித் தளர்ந்து, பிறகு கோணல்மாணலாக இறுகி, மயிர் மயிராகப் பிரிந்திருந்தன. அந்த இழுப்பில் சட்டமே பொரித்த அப்பளம்போல வளைந்துவிட்டது. பஞ்சாப் மட்டையிலும் நரம்பு போயிற்று, ஆனால் சட்டம் மேஜைமேல் வைத்தால் எந்த மூலையும் எழும்பாமல் படிந்தது. உள்ளூர் மட்டையில் நேர்மாறு. சட்டத்தின் கழுத்தில் பசை விட்டு ஒட்டுப் பிளந்துகொண்டிருந்தது. பட்டு நூல் மட்டும் தராசில் முன்பு காட்டிய அதே அளவைக் காட்டியது.

அளந்துகொண்டிருக்கும்போது அம்மா வாசற்படியில் வந்து நின்றாள். நின்றபடியே கேட்டாள்:

"அது மட்டும் எப்படிடி அப்படியே இருக்கு?"

"அது பட்டு நூல்மா."

"பட்டா?" கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். "அதை முன்னாடியே சொல்லப்படாதோ? பட்டு மடிதானே. இதை ஏன் நான் அலம்பினேன்?"

"அந்தப் புழு என்ன, ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டா கூட்டை விட்டுப் போச்சு?" என்றார் அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"ஆபீஸ் பேச்சை ஆபீஸ்ல வெச்சுக்கோங்கோ."

பள்ளி திறந்ததும் போன வருடத்து ஆறு மட்டைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். அதே மயிர்ப் பிசிறு, அதே அப்பள வளைவு. எதுவும் அடித்து உடைந்ததல்ல. பெண்கள் விளக்கு வைக்கும் நேரம்வரை ஆடிவிட்டு மட்டைகளைப் புல்லில் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவார்கள். அப்போது டாக்குரியா பக்கம் ஏரி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் திசையிலிருந்து சாயங்காலமே பனி இறங்கிப் புகையோடு கலந்து முற்றத்தில் உட்கார்ந்துகொள்ளும். அம்மா ஒரு மணி நேரத்தில் வாளியில் செய்ததைப் பனி நான்கு மாதத்தில் செய்திருந்தது. வேறு வித்தியாசம் இல்லை.

ஆகவே முடிவு எளிது. பஞ்சாப் சட்டம், அதில் பட்டு நூல். சாந்தினிச் சந்தையில் மட்டை கட்டும் மிஸ்திரி ஒருவர் இருந்தார். பொர்தி வாங்கித் தந்த ஆறு பஞ்சாப் சட்டங்களையும் கொண்டுபோய்ச் சொன்னபோது, கேட்டுவிட்டுச் சிரித்தார். "பட்டுதானே? ஓரத்துல ஜரிகையும் வெச்சுடட்டுமா?" என்று இந்தியில் கேட்டார். ஜரிகை வேண்டாம் என்றேன். சட்டம் தாங்கும் அளவுக்கு இறுக்கிக் கட்டச் சொன்னேன். ஆட்டம் முடிந்ததும் மட்டையைத் துடைத்து, நான்கு திருகு வைத்த மரச்சட்டத்துக்குள் இறுக்கிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று பள்ளிச் சுவரில் எழுதி ஒட்டினேன். புல்லில் மட்டையைப் போடுகிறவள் அடுத்த ஆட்டத்தில் இல்லை என்பது கடைசி வரி.

முதல் நாள் ஆட்டம் முடிந்ததும் நெட்டைப் பெண் நேரே என்னிடம் வந்தாள்.

"தீதி, இது மட்டையா தலையணையா?"

"நாலு மாசம் தாங்கற தலையணை."

"ஓங்கி அடிச்சா சுவரைத் தாண்டுது. மணிக்கட்டால தட்டினா வலைக்கே போகலை. நடுவுல ஒண்ணுமே இல்லை, தீதி."

"நடுவுல இருக்கறதை நீதான் கண்டுபிடிக்கணும்."

"இல்லாததை எப்படிக் கண்டுபிடிக்கறது?"

அவள் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டேன், ஆனால் மதிக்கவில்லை. எனக்கு வேண்டியது நான்கு மட்டைகள். உணர்ச்சி என்பது தராசில் நிற்காது; எண்ணிக்கை நிற்கும்.

மார்கழியில் ஒன்று போயிற்று. இரண்டு பெண்கள் ஒரே பந்துக்குப் பாய்ந்து, மட்டையோடு மட்டை மோதி, கழுத்து முறிந்தது. அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. தை பிறந்து சில நாளில் இன்னொன்று போனதற்கு என்னைத்தான் சொல்ல வேண்டும். ஒரு காலை பெட்டியைத் திறந்தால் ஒரு மட்டையில் நடுவே கையளவு ஓட்டை. எலி. பட்டு நூலில் பாய்ச்சியிருந்த எண்ணெய் அதற்கு ருசித்திருக்கிறது. பனியை நினைத்தேன், பசையை நினைத்தேன், எலி என் பட்டியலில் இல்லை. பெட்டி மரப்பெட்டி, மூலையில் அது தனக்கு ஒரு வாசல் செய்துகொண்டிருந்தது.

வீட்டில் சொன்னதும் அம்மா வேறெதுவும் பேசாமல், வடாம் போட்டு வைக்கும் பெரிய தகர டின்னைக் காலி செய்து துடைத்துக் கொடுத்தாள். "மூடியை அழுத்தி மூடு. அடியில ரெண்டு கரித்துண்டு போடு, ஈரம் இழுத்துக்கும்" என்றாள். அப்படியே செய்தேன். பிடிகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் மூடியில் துளை வெட்டிச் சுற்றித் துணி அடைத்தேன்.

மிச்சம் சரியாக நான்கு.

பூஜைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, பரிசோதனைச் சாலையில் இருந்த என் காதில் அந்தச் சத்தம் விழுந்தது. டிங். ஜன்னல் வழியாக, முற்றத்திலிருந்து. மறுபடியும். எங்கள் மட்டைகள் எதுவும் அப்படிப் பேசாது. கீழே இறங்கிப் போனேன். நெட்டைப் பெண் கையில் நம் சட்டம்தான். ஆனால் அதில் பட்டு இல்லை.

"யார் கட்டினது?"

"அதே மிஸ்திரிதான். ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் கொண்டுபோய்க் கொடுத்து, அன்னிக்கே வாங்கிட்டு வந்தான்."

"யாரைக் கேட்டே?"

"கேட்டா வேண்டாம்னுவீங்க."

"ஆமா, சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கலை."

மற்ற மூன்று பெண்களும் வலையை மிக அக்கறையாகச் சரிசெய்யத் தொடங்கினார்கள். எனக்கு உள்ளே கணக்கு ஓடியது. மறுபடி பட்டுக் கட்டக் கொடுத்தால், எண்ணெய் பாய்ச்சிக் காயவைக்க மிஸ்திரி எட்டு நாள் கேட்பார்; ஒரு நாள் தவறினாலும் பூஜையன்று கையில் மூன்று. இப்படியே விட்டால், ஒரு மாலைப் பனி போதும், அப்போதும் மூன்று. மூன்று என்றால் தையல் கூடம்.

"நீ செஞ்சது தப்பு. உனக்கு இது கடைசி வருஷம். மத்தவளுங்களுக்கு இல்லை. அவளுங்க மைதானத்தைத்தான் நீ பணயம் வெச்சிருக்கே" என்றேன்.

அவள் தலையைக் குனியவில்லை. ஆனால் கண் நிறைந்துவிட்டது. மட்டையை என் பக்கம் நீட்டினாள். "ஒரே ஒரு தடவை அடிச்சுப் பாருங்க, தீதி. அப்புறம் திட்டுங்க."

அடித்தேன். பந்து நரம்பில் வந்து உட்கார்ந்து, எங்கே போக வேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டு போனதுபோல் இருந்தது. மெல்லத் தட்டினேன், வலையின் விளிம்பை உரசி அந்தப் பக்கம் விழுந்தது. இன்னும் சற்று அழுத்தினேன். அந்தச் சற்று மட்டும் கூடுதலாகப் போனது. அவள் சொன்ன அந்த 'நடுவுல' இதுதான். சீமை மட்டையைக் கடையில் தொட்டபோது எனக்கும் இது தெரிந்திருந்தது. பிறகு நான்கு அளவைகள் எடுத்தேன்; நான்கிலும் இது இல்லை. நான்கு மாதமாக, எது சாகாது என்று மட்டுமே சோதித்துக்கொண்டிருந்தேன்.

மட்டையை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"இது இப்படியே இருக்கட்டும். ஆனா இன்னியிலேர்ந்து நாலரை மணிக்கு வலை இறங்கும். நாலரைன்னா நாலரை. இது ஒருதரம் நனைஞ்சாலும் பொர்திகிட்ட நீயே போய்ச் சொல்லணும்."

"நனையாது, தீதி."

"அதை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

எட்டு நாளும் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் மேகமாக இருந்தது. அன்று வலையே கட்டவில்லை. பெண்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பால் நரம்பு தளராது.

பூஜையன்று அம்மாவும் கீழ்வீட்டு மாஷிமாவும் என்னோடு பள்ளிக்கு வந்தார்கள். பெண்கள் எல்லோரும் மஞ்சள் புடவையில். கூடத்தில் வெள்ளைச் சரஸ்வதி. காலடியில் புத்தகங்கள், மைக்கூடுகள், ஒரு எஸ்ராஜ் வாத்தியம். அவற்றுக்கு முன்னால், ஓரமாக, நான்கு மட்டைகள். யார் வைத்தது என்று கேட்கவே தேவையில்லை. நெட்டைப் பெண் என் கண்ணில் படாமல் தூணுக்குப் பின்னால் நின்றாள்.

"ஏண்டி, இதுல குடல் எது?" என்று அம்மா காதோரம் கேட்டாள். வீட்டில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்.

"இடது கோடி."

அம்மா அந்தக் கோடியிலிருந்து இரண்டடி தள்ளி உட்கார்ந்தாள். கையில் தேங்காய்த் தட்டு; அதன்மேல் மூடிய பட்டுத் துண்டு.

பொர்தி என்னிடம் சொல்லிவிட்டார்: பூஜையில் வைத்ததை இன்று யாரும் தொடக்கூடாது, நாளைக் காலை வந்து பார்க்கிறேன் என்று. அதுவரை எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பூஜை முடிந்து புரோகிதர் கலசத்தை எடுத்து, மாவிலைக் கொத்தை அதில் தோய்த்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது. சாந்தி ஜலம். வங்காளிப் பூஜையில் அதைச் சொட்டுச் சொட்டாகத் தெளிப்பதில்லை. எல்லோர் தலையிலும் மழைபோல வீசுவார்கள். மனிதர் மட்டைகளுக்கு நேர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எடுத்து நகர்த்த முடியாது, தொடக்கூடாது. நான் எழுந்து ஒரு அடி வைத்தேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை.

அம்மா எழுந்தாள். தட்டிலிருந்த பட்டுத் துண்டை இரு கையாலும் விரித்து, மட்டையை விரல்கூடத் தொடாமல், முழ உயரத்திலிருந்து அதன்மேல் விட்டாள். துண்டு நரம்பை மூடி விழுந்தது. முதல் வீச்சு நீர் துண்டின்மேல் பட்டது.

"என்ன பண்றீங்கம்மா?" என்று புரோகிதர் வங்காளியில் கேட்டார்.

அம்மாவின் வங்காளி காய்கறிக்காரரிடம் கற்றது. "ஜல் லாக்லே நஷ்டோ" என்றாள். தண்ணி பட்டா கெட்டுடும்.

"சாந்தி ஜலம் பட்டு என்ன கெடும்?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் மாஷிமாவைப் பார்த்தேன். மாஷிமா உரக்கச் சொன்னாள்: "அது ஆட்டுக் குடல், தாகுர்மொஷாய்! நனைஞ்சா தளர்ந்துடும்!"

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். புரோகிதர் "ஓ, அவ்வளவுதானா" என்று சொல்லிவிட்டு, கொத்தைக் கொஞ்சம் வலப்பக்கமாக வீசினார்.

"இவருக்கு ஒண்ணுமே பதறலையேடி" என்றாள் அம்மா என்னிடம், ஏமாற்றத்தோடு.

பொர்தி இதையெல்லாம் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்தார். நான்கு மட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, மேஜைமேல் படுக்கவைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். கடைசியாக இடது கோடி மட்டையைச் சுண்டினார். டிங்.

"இதை மட்டும் ஏன் மூடி வெச்சீங்க?"

சொன்னேன். மாற்றிக் கட்டியது யார் என்பதைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். பின்னாலிருந்து "நான்தான், பொர்தி" என்று குரல் வந்தது.

பொர்தி அந்த மட்டையை அவளிடம் நீட்டினார். பிறகு, "சரி, ஆடிக் காட்டுங்க" என்றார்.

நால்வர் ஆடினார்கள். ஒரு முழு ஆட்டம். பொர்தி படிக்கட்டில் உட்கார்ந்து முடியும்வரை பார்த்தார். நெட்டைப் பெண் வலையோரம் மெல்லத் தட்டிப் போட்ட ஒரு பந்துக்கு அவர் தலை தன்னை அறியாமல் முன்னால் நகர்ந்தது. ஆட்டம் முடிந்ததும் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார்.

"நாலு" என்றார். "தையலை மாடியில வெச்சுக்கலாம். அங்கே வெளிச்சமும் நல்லா இருக்கு."

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது நிலைமை இதுதான். மைதானம் இருக்கிறது. மட்டைகள் ஏழு: கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பட்டுக் கட்டிய நான்கு, ஆடத் தெரிந்தவர்களுக்குக் குடல் நரம்பு கட்டிய மூன்று. ஏழும் பஞ்சாப் சட்டம். நரம்பைப் பருவத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது, மாற்றுகிறோம். நெட்டைப் பெண் பரீட்சையில் தேறி வீட்டில் இருக்கிறாள். சனிக்கிழமைகளில் சின்னப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவளை அழைக்கப் பொர்தி அனுமதித்திருக்கிறார், இதுவரை மூன்று சனிக்கிழமை வந்திருக்கிறாள். அந்தப் பட்டுத் துண்டை அம்மா அன்றே நனைத்து உலர்த்தி, இனி இது பள்ளிக்கூடத்துக்கு என்று கொடுத்துவிட்டாள். டின்னுக்குள் மட்டைகளின்மேல் கிடக்கிறது. வளைந்த சீமை மட்டை என் அலமாரிக்கு மேல் இருக்கிறது; அதை நிமிர்த்தும் வழி இன்னும் எனக்குத் தெரியவில்லை. மாலை நாலரைக்கு வலையை இறக்கிவிடுகிறோம்.